கடைசி வரியில் பள்ளம் இல்லை

என் மேசை இழுப்பறையில், மகளின் பள்ளிச் சான்றிதழ்களுக்கு அடியில், நான்காக மடித்த ஒரு தாள் இருக்கிறது. அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏழு வளைகோடுகள். மேல் வரிகளில் கூர்மையான பள்ளங்கள். கீழே போகப்போக அவற்றின் ஆழம் குறைகிறது. கடைசி வரியில் ஒன்றுமே இல்லை.

திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு கல்லூரியில் நான் இயற்பியல் ஆசிரியை. அங்கே ஆய்வகப் பணியாளராக இருந்தவரை எல்லோரும் பாய் என்றுதான் அழைப்போம். பேகம்பூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். நாங்கள் இருவரும் நான்கு வருடம் பாடுபட்டு ஒரு டெராஹெர்ட்ஸ் நிறமாலைமானியைக் கட்டினோம். மைக்ரோ அலைக்கும் அகச்சிவப்புக்கும் இடைப்பட்ட அலைகளைச் செலுத்தி, வாயுக்களை அடையாளம் காணும் கருவி. அந்த அலைகளுக்கு ஈரம் ஆகாது. காற்றிலுள்ள நீராவி அவற்றை விழுங்கி, படத்தில் பள்ளம் பறித்துவிடும். அதனால் அலைகளைத் திருப்பிவிடும் கண்ணாடிகளை ஓர் அலுமினியப் பெட்டிக்குள் பொருத்தி, உலர்ந்த நைட்ரஜனைச் செலுத்திக்கொண்டே இருப்போம். மூடிக்கான கொக்கிகளைப் பாய் ஒரு பூட்டுப் பட்டறையில் சொல்லிச் செய்து வாங்கினார். மூடி திறந்திருக்கும்போது நான் குனிந்தால் என் மூச்சின் ஈரமும் பள்ளமாக விழும்; பாய் திரையைக் காட்டிச் சிரிப்பார். "தள்ளி நில்லுங்க மேடம். மத்தியானம் நீங்க குடிச்ச ரசம் வரைக்கும் இதுல தெரியுது."

நைட்ரஜன் சிலிண்டரின் வால்வை மூடி, ஜன்னலைத் திறந்துவைத்து, கொஞ்சம் காத்திருந்த பிறகே மூடியைத் திறப்பது அவர் வழக்கம். அப்புறம் பெட்டி மறுபடி உலர இரண்டு நாளாகும். நான்காம் வருட ஐப்பசி மழையில் ஈரம் புகாதபடி ஜன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டியவள் நான். அன்று படத்தில் ஒட்டிக் கிடந்த இரண்டு பள்ளங்கள் பிரிய, பெட்டிக்குள் ஒரு கண்ணாடியை இம்மியளவு திருப்பினால் போதும்.

"வால்வை மூடாதீங்க பாய். ரெண்டு நாள் உழைப்பு போயிரும்" என்றேன்.

"அம்புட்டு அவசரமா?" என்று சிரித்தார். "சரி, நீங்க போயி டீ குடிச்சிட்டு வாங்க. அதுக்குள்ள முடிச்சுப்புடுறேன்."

கேன்டீனில் மழை பிடித்துக்கொண்டது. நான் திரும்பியபோது அவர் பெட்டிக்குள் தலை கவிழ்ந்து கிடந்தார். மூடி அவர் தோள்மேல் சாய்ந்திருந்தது. பெட்டிக்குள் ஆக்சிஜன் இல்லை. நைட்ரஜனுக்கு மணம் கிடையாது, மூச்சும் திணறாது. இரண்டு இழுப்பில் நினைவு போய்விடும். கருவி மட்டும் நிமிடத்துக்கு ஒரு படமாக எடுத்துக்கொண்டே இருந்தது. விபத்து என்று எழுதி முடித்தார்கள். நான் சொன்ன வாக்கியம் எந்த அறிக்கையிலும் இல்லை. மகளுக்கு அப்போது ஏழு வயது. அவளிடம் எதையும் சொல்லவில்லை.

போன மாதம் அவள் வெளியூரில் ஓர் ஆய்வகத்தில் சேர்ந்தாள். அதே வகைக் கருவி. தினமும் போனில் நான் ஜன்னலைப் பற்றியே கேட்கிறேன். "ஆக்சிஜன் குறைஞ்சா அலாரம் அடிக்கும்மா. நீ ஏன் இப்படிப் பயப்படுறே?" என்று அலுத்துக்கொள்கிறாள். நேற்று அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பினேன்.

உடனே அழைத்தாள். குரலில் அப்படியொரு சந்தோஷம்.

"அம்மா, கடைசி வரியில ஒரு பள்ளம்கூட இல்லையே! இவ்வளவு சுத்தமா எப்படி எடுத்தே?"

மேல் வரிகளில் இருப்பது பாயின் மூச்சு என்று சொன்னேன். பிறகு வால்வைப் பற்றிச் சொன்னேன். அவள் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. போனை வைக்காமல், வெகுநேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.