வண்டிச் சத்தம் கேட்டால்

நீளத் திருப்புளியின் நுனியை ஓடுகிற மோட்டார் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு அழுத்தி, கண்ணை மூடிக்கொள்கிறார் மோட்டார்காரர். கொண்டுவந்தவர் நடுவில் வாயெடுத்தால் திட்டு விழும். அரை நிமிடம் போனதும், "முன் பேரிங் போச்சு. பின்னது இன்னும் ஆறு மாசம் தாங்கும்" என்பார். கழற்றிப் பார்த்தால் அப்படியேதான் இருக்கும்.

ஐம்பத்தெட்டு வயது. விரலெல்லாம் வார்னிஷ் கறை. தண்ணீர் மோட்டார், மின்விசிறி, துணி துவைக்கிற இயந்திரம் என்று சுழல்கிற எதற்கும் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவார். பேச்சு மட்டும் தடிப்பு. மிக்சியைத் தூக்கிக்கொண்டு வந்த ஒருவரிடம், "இது ரிப்பேருக்கு வரல சார், அடக்கத்துக்கு வந்திருக்கு" என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார். கடையில் ரேடியோ கிடையாது. வீட்டிலும் கிடையாது.

வீட்டில் இல்லாததற்குக் காரணம் உண்டு. கல்யாணமான புதிதில், நாள் முழுக்க மோட்டார் அலறலில் கிடந்துவிட்டு ஒரு சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தார். மனைவி ஏதோ பாடிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தார். "நாள் பூரா சத்தத்துல சாவறேன். வீட்லயாவது கொஞ்சம் வாய மூடு." அவ்வளவுதான். மனைவி மூடிக்கொண்டார். சொன்னதை மறுநாளே இவர் மறந்தும் போனார்.

ஏழு மாதத்துக்கு முன்னால் அந்த அம்மா துணி உலர்த்தும்போது பக்கவாதம் வந்து விழுந்தார். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. மிஞ்சியது ஒரே சொல்: "அதான்." சாப்பிட்டாயா என்றால் அதான். வலிக்கிறதா என்றால் அதான். தண்ணீர் கேட்பதும் அதான், வேண்டாம் என்பதும் அதான். எந்த அதான் எதற்கு என்று கண்டுபிடிக்க அவரால் முடியவில்லை. திருப்புளி வைத்துக் கேட்கிற சமாசாரமா அது.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மேடம் சின்ன வயசுக்காரர், பொறுமைசாலி. மூளையில் பேச்சு இருக்கிற பக்கம் அடிபட்டிருக்கிறது, பாட்டுக்கு மறுபக்கமும் கைகொடுக்கும், பாட்டைப் பிடித்துக்கொண்டு பேச்சை இழுத்துப் பார்க்கலாம் என்று அவருக்கு விளக்கினார். மோட்டார்காரர் தாடையைச் சொறிந்தார்.

"ரன்னிங் காயில் எரிஞ்சிருக்கு, ஸ்டார்ட்டிங் காயில் தப்பிச்சிருக்கு. அப்படித்தானே மேடம்?"

மேடத்துக்குப் புரியவில்லை. இருந்தாலும் தலையாட்டினார். எந்தப் பாட்டானாலும் சரிப்படாது, அந்த அம்மா வழக்கமாகப் பாடியதாக இருந்தால்தான் நல்லது, தள்ளிப்போடாமல் ஆரம்பித்தால் பலன் கூடும் என்றார். வீட்டில் எதைப் பாடுவார் என்று கேட்டார்.

"பாட்டா? அவ பாடமாட்டா மேடம்."

ஆனாலும் வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி வாங்கினார். அதில் இருநூறு பாட்டு ஏற்றி, தலைமாட்டில் வைத்துக் காலையிலிருந்து இரவு வரை போட்டுத் தள்ளினார். ஒன்றாவது கொக்கி போடாதா என்ற எண்ணம். மூன்றாம் நாள் அந்த அம்மா நல்ல கையால் தலையணையை இழுத்துக் காதின் மேல் வைத்துக்கொண்டார்.

சத்தம் தாங்காமல் மாடியிலிருந்து இறங்கிவந்தவர் தையல்காரம்மா. இருபது வருஷமாக மேல்வீட்டில் மிஷின் மிதிப்பவர். விஷயத்தைக் கேட்டதும் அவர் மோட்டார்காரரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாடமாட்டாங்கன்னு யாருண்ணே சொன்னது? நான் மேல மிதிப்பேன், அக்கா கீழ பாடுவாங்க. பாட்டு கூட அவங்களே கட்டுனதுதான்."

"நான் கேட்டதே இல்லையேம்மா."

"நீங்க எப்படிக் கேப்பீங்க? உங்க வண்டி முனை திரும்புற சத்தம் வந்தா நிறுத்திருவாங்க. பாட்டு நின்னாதான் நீங்க வந்துட்டீங்கன்னு எங்களுக்கே தெரியும்."

அன்று கடைக்குப் போனவர், கல்யாணமான புதிதில் சொன்னது நினைவுக்கு வர, ஒரு காயிலைத் தப்பாகச் சுற்றி, அவிழ்த்து, மறுபடி தப்பாகச் சுற்றினார்.

பாட்டைத் தையல்காரம்மாவிடமே கேட்டு எழுதிக்கொண்டார். பெரிய பாட்டு ஒன்றும் இல்லை.

கொடியில துணி காயுது,
அடுப்புல தண்ணி கொதிக்குது,
மடிக்க ரெண்டு கை போதல,
இன்னொரு கை வேணுமே.

இரண்டு நாள் கடையில் முனகி முனகிப் பழகினார். மேடத்தின் அறையில், மனைவியின் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பாடினார். எண்ணெய் காணாத மோட்டார் புஷ் மாதிரி கிறீச்சிடுகிற ஒரு குரல். அந்த அம்மாவின் முகம் வெளிறியது. கையும் களவுமாகப் பிடிபட்டவர் போல உதட்டை இறுக்கிக்கொண்டார். அன்றைக்கு அந்த அதான் கூட வரவில்லை.

"பாடுன்னு வாய்விட்டுச் சொல்லியும் பாடமாட்டேங்கறாளே மேடம்."

"பாடாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க?"

"ஒரே தடவைதான்" என்றார். சொன்ன பிறகு அந்த அறையில் எங்கே பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

மேடம் அவரை மருந்துச் சீட்டோடு கீழே அனுப்பினார். வாங்கிக்கொண்டு திரும்பியவர், கதவுக்கு வெளியே நின்றுவிட்டார். உள்ளே மேடம் நோயாளியின் இடது கையைப் பிடித்து மேசையில் தாளம் தட்ட, "கொடியில துணி" என்று ஒரு குரல் வந்தது. கட்டிய நாள் முதல் கூடவே இருந்தவளின் குரல். அவருக்கு அது அந்நியமாக இருந்தது. கைப்பிடியில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் பழக்கம் மாறியது. நாலு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு வருகிறார். மருந்து கொடுத்து, தலையணையை நிமிர்த்தி வைத்து, "கடைக்குப் போயிட்டு வரேன்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்கிறார். வண்டியை உதைத்து, தேவையில்லாமல் இரண்டு முறை முறுக்கி, தெரு முனைவரை ஓட்டிப்போய் அணைக்கிறார். பிறகு அந்தக் கனத்த வண்டியைத் தள்ளிக்கொண்டே திரும்பி வந்து, மாடிப்படிக்கு அடியில், ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறார். மேலே மிஷின் ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்தில் உள்ளேயும் ஆரம்பிக்கும். முதல் மாதம் ஒரு வரிதான் வந்தது. இப்போது மூன்று வரி. தையல்காரம்மாவைப் பார்த்து "தண்ணி" என்று, பாட்டில்லாமல் தனியாகவே கேட்டாராம். மோட்டார்காரரிடம் இன்னும் அதான்தான்.

போன வாரம் அந்த அம்மா நாலாவது வரிக்கு முதல் தடவையாக வந்துவிட்டார். "இன்னொரு கை" என்று வந்து, நின்றது. மறுபடி, "இன்னொரு கை." சொல் கிடைக்கவில்லை. மேலே மிஷினும் நின்று காத்திருந்தது. மூன்றாம் முறை குரல் உடைந்தது.

படிக்கட்டடியில் மோட்டார்காரர் பாதி எழுந்துவிட்டார். அந்த ஒரு சொல் அவருக்குத் தெரியும், நாக்கு நுனிக்கு வந்தும் விட்டது. வார்னிஷ் கறைக் கையை எடுத்துத் தன் வாயின் மேல் வைத்து, அழுத்திப் பொத்திக்கொண்டார்.