பத்துப் படம், இரண்டரை மில்லிமீட்டர்

எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கிற தொழில், இந்த சி.டி. ஸ்கேன் எடுக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து மைக்கில் பேசியே காலம் தள்ளும் சக பாவிகளே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்!

முதல் நோயாளி

கோயமுத்தூரில் எங்கள் சென்டரில் தினமும் காலையில் முதலில் படுப்பது ஒரு தண்ணீர் உருளை. மெஷின் தண்ணீரைப் பூஜ்யம் என்று காட்ட வேண்டும், காற்றை மைனஸ் ஆயிரம் என்று. இது சரியாக இருந்தால்தான் மற்ற எண்களை நம்பலாம். ஒருநாள் பழக்கதோஷத்தில் அந்த உருளையிடமும் "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிவிட்டேன். கூட்டிக்கொண்டிருந்த சரசக்கா துடைப்பத்தைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க அம்மணி, தண்ணிகிட்டப் பேசற அளவுக்கு வந்துட்டீங்களா?"

உள்ளே ஒருத்தி

பொள்ளாச்சித் தேங்காய் வியாபாரி ஒருத்தர் மனைவியைக் கூட்டி வந்தார். அந்தம்மாவுக்கு நுரையீரலில் கட்டி. மூன்று மாதம் மருந்து சாப்பிட்டாயிற்று, கட்டி வளர்ந்திருக்கிறதா சுருங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மெஷின் சுற்றிச் சுற்றி எடுப்பதைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுத்தான் படமாகக் கோக்கும், ஆடினால் கணக்கு கெட்டுப்போகும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். மைக்கில் அந்தம்மா குரல் வந்தது. என்னை யாரும் அப்படித் தேடிக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு.

"அம்மணி, அங்கதான இருக்கறீங்க? போயிராதீங்க."

ஆறு பத்தான கதை

ரிப்போர்ட் வருமுன்னே ஃபிலிமை வாங்கிய வியாபாரி, அதை வராந்தா ஜன்னலில் தூக்கிப் பிடித்து எண்ணியிருக்கிறார். தேங்காய் எண்ணிப் பழகிய கண்ணாச்சே! உடுமலையில் எடுத்த பழைய ஃபிலிமில் கட்டி ஆறு படத்தில் தெரிந்தது, இதில் பத்து. மனுஷன் படியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுகிறார். மனைவி உள்ளே துணி மாற்றிக்கொண்டிருந்தாள்.

ரிசல்ட் சொல்வது டாக்டர் வேலை, நான் வாயைத் திறக்கக் கூடாது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. "ஏனுங்க, ஒரே நேந்திரங்காயை பஜ்ஜிக்குச் சீவினா எத்தனை துண்டு, சிப்ஸுக்குச் சீவினா எத்தனை? பழைய படம் ஒவ்வொண்ணும் அஞ்சு மில்லிமீட்டர் கனம். எங்களுது ரெண்டரை. நீங்களே பெருக்கிப் பாருங்க" என்றேன். விரல் விட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் விரல் விட்டார்.

"ஆறஞ்சு முப்பது... பத்து ரெண்டரை இருபத்தஞ்சு... அம்மணி, கொறைஞ்சிருக்குதுங்க!"

விடைபெறல்

சாயங்காலம் டாக்டரும் அதையேதான் சொன்னார், மருந்து வேலை செய்கிறது என்று. அடுத்த இரண்டு ஸ்கேனில் கட்டி இன்னும் சுருங்கி, கடைசியில் ஒரு தழும்பு மட்டும் மிஞ்சியது. கடைசித் தடவை ஒரு பை இளநீரை என் மேஜையில் வைத்துவிட்டு, வியாபாரி கையெடுத்துக் கும்பிட்டார்.

"உங்களை இனிப் பாக்கவே கூடாதுன்னு சாமிகிட்ட வேண்டியிருக்கறனுங்க, தப்பா நெனைச்சுக்காதீங்க."

கணக்கு நல்லபடியாக வந்தால் ஆள் திரும்பி வராத தொழிலில், மறுநாள் காலையும் எனக்காகக் காத்திருந்தது அந்தத் தண்ணீர் உருளையின் பூஜ்யம் மட்டும்தான்.