லாட்ஜ் மேனேஜரின் மேனர்ஸ்

ஐம்பதுகளின் கடைசியில் கொடைக்கானலில் நான் தங்கிய லாட்ஜின் மேனேஜர், ‘மேனர்ஸ்’ என்ற சொல்லை வெற்றிலையைப் போல எப்போதும் வாயில் அடக்கி வைத்திருப்பார். கம்பளிக் கோட்டு, கழுத்தில் டை. பேசி முடித்ததும் மடித்த கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொள்வார்.

ஒரு நாள் அடைமழை. பழனியில் மொட்டை போட்டுவிட்டு மலையேறி வந்த ஒருவர், தோளில் குழந்தையோடு, நனைந்தபடி நேரே உள்ளே நுழைந்தார்.

“ஒரு ரூம் கெடைக்குங்களா? புள்ள குளிர்ல நடுங்குதுங்க.”

“வெளிய போய்க் கதவத் தட்டிட்டு வாங்க. மேனர்ஸ் வேணும்ல?” என்றார் மேனேஜர்.

அவர் மறுபடி மழையில் இறங்கி, கதவைச் சாத்திவிட்டுத் தட்டினார்.

“உள்ள வாங்க. சாரி, ரூம் இல்ல.”

மேனேஜரின் முதுகுக்குப் பின்னால் பலகை நிறையச் சாவிகள் தொங்கின. வந்தவர் போனதும் கேட்டேன். “இல்லேன்னு மொதல்லயே சொல்லியிருக்கலாமே?”

“தட்டாம வந்தவங்களுக்கு எப்படி சார் பதில் சொல்றது?” என்று உதட்டை ஒற்றிக்கொண்டார்.

மேனேஜர் கேலி பேசவில்லை, மெய்யாகவே கேட்டார். இன்றும் யாராவது ‘மேனர்ஸ்’ என்று ஆரம்பித்தால், அவர்கள் முதுகுக்குப் பின்னால் சாவி தொங்குகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.