பேட்டில் பட்ட சத்தம்

எங்கள் கம்பெனி கிரிக்கெட் அணியில் எனக்கு இடம் கிடைத்ததற்கும் கிரிக்கெட்டுக்கும் அதிகம் தொடர்பில்லை. பேட், பேடு, ஸ்டம்பு எல்லாம் போட்டு வைக்கிற பெரிய பை, குன்றத்தூரில் என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. என்னைச் சேர்க்காவிட்டால் பை வராது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. நாற்பத்து மூன்று வயதில், நான் சொல்லப்போகிற ஆட்டம்வரை, லீக்கில் என் அதிகபட்ச ஸ்கோர் பதினொன்று. அதிலும் நான்கு ரன், காலில் பட்டு ஓடிய பந்து. ஸ்கோர் எழுதியவர் கவனிக்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

வேலையில் நான் வேறு ஆள். வெளியிலிருந்து வருகிற உதிரி பாகங்களை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், இல்லாவிட்டால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது என் பொறுப்பு. சிவப்பு ஒட்டினால் அந்த லாட், அதாவது அந்தத் தடவை வந்த சரக்கு மொத்தமும், வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும். கறாரான ஆசாமி என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. கெட்ட பெயர்தான். ஆனால் அதைப் பாராட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை, சின்ன கம்பெனி ஒன்றிலிருந்து வந்த பிராக்கெட்டுகளில் துளை கால் மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. லாட்டோடு வந்தவன் பிள்ளைப்பாக்கத்துக்காரன், இருபத்தேழு இருபத்தெட்டு வயதிருக்கும். மாட்டிப் பார்த்தால் போல்ட் சரியாக உட்காருகிறது, இந்த ஒருமுறை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினான். நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். பேசப்போகிறேன் என்பதற்கு அது அடையாளம். அளவு என்றால் என்ன, நாணயம் என்றால் என்ன என்று கால்மணி நேரம் அவனுக்கு எடுத்துச் சொல்லிவிட்டு, சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினேன். அவன் கடைசிவரை கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்களுக்கு ஆட்டம் அந்தச் சின்ன கம்பெனியின் அணியோடுதான். மைதானம் என்பது, மனை பிரித்துப் போட்டு இன்னும் விற்காத நிலம். மனைக் கற்களுக்கு வெளியே போனால் நாலு. நாங்கள் முதலில் பேட்டிங். வழக்கமாக முதலில் இறங்குகிறவன் நைட் ஷிப்ட் முடித்து பஸ்ஸிலேயே தூங்கிப்போய் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டான். கேப்டன் சுற்றும் முற்றும் பார்த்தான். பேடு கட்டியிருந்தது நான் மட்டும்தான். பை என்னிடம் இருப்பதால் எப்போதுமே முதலில் பேடு கட்டிவிடுவேன்.

எதிரில் பந்தைத் துடைத்துக்கொண்டு நின்றவன் அந்தப் பிள்ளைப்பாக்கத்துக்காரன். என்னைப் பார்த்ததும் தலையசைத்து, "வணக்கம் சார்" என்றான். பிறகு இருபதடி தூரம் கூடுதலாகப் பின்னால் போய் ஓடிவந்தான்.

முதல் இரண்டு பந்துகளை நான் பார்க்கவில்லை. மூன்றாவது பந்தைப் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. பேட்டை நீட்டினேன். டக்கென்று ஒரு சத்தம். கையில் மெல்லிய அதிர்வு. விக்கெட் கீப்பர் பந்தைப் பிடித்துத் தலைக்குமேல் தூக்கிப்போட்டான். பதினொரு பேரும் கத்தினார்கள்.

எங்கள் லீக்கில் பேட்டிங் செய்கிற அணியிலிருந்துதான் ஒருவர் அம்பயராக நிற்பார். அன்று நின்றவன் என் செக்‌ஷனில் வேலை செய்கிறவன். அவன் லீவு லெட்டரில் கையெழுத்துப் போடுவது நான். அவன் பந்தைப் பார்க்கவில்லை, கீப்பரைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான். நான் குனிந்து கிளவுஸின் பட்டையைச் சரிசெய்தேன். அவன் தலையை இடவலமாக ஆட்டினான்.

பந்து போட்டவன் நடந்து என் பக்கத்தில் வந்தான். கோபமெல்லாம் இல்லை.

"பட்டுச்சா சார்?"

"இல்லப்பா. பேடுல உரசிச்சு."

ஒரு கணம் என்னையே பார்த்தான். "சரி சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான்.

பிறகு நடந்ததுதான் கொடுமை. நான் முப்பத்தொன்று அடித்தேன். எங்கே அடிக்கப் பார்த்தேனோ அங்கே ஒரு பந்தும் போகவில்லை. ஆனால் எல்லாம் எங்கேயோ போயின. ஆறு ரன்னில் ஜெயித்தோம். என்னைத் தோளில் தூக்க முயன்று, எடையை உணர்ந்து, பாதியிலேயே இறக்கிவிட்டார்கள். ஆட்ட நாயகன் என்று ஒரு பிளாஸ்டிக் கோப்பை கொடுத்தார்கள். எதிரணியில் கைதட்டியவர்களில் அவனும் இருந்தான். வீட்டில் என் மகளிடம் ஆட்டத்தைப் பந்து பந்தாக விவரித்தேன். அந்த மூன்றாவது பந்தை மட்டும் "நல்ல பந்து" என்று சொல்லித் தாண்டிப் போனேன்.

திங்கட்கிழமை திருத்திய லாட்டை எடுத்துக்கொண்டு அவன் வந்தான். அளந்து பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. பச்சை ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, அவன் கிளம்பும்போது சொன்னேன்.

"தம்பி, நேத்து அது பேட்ல பட்டுச்சு."

"தெரியும் சார். வெளியே ஸ்கோர் எழுதிகினு இருந்தவருக்கே கேட்டுச்சு."

"அப்போ ஏன் ஒண்ணும் சொல்லாம போன? சண்ட போட்டிருக்கலாமே."

அவன் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "மறுநாள் லாட்டு உங்க கைல தான சார் வரணும். கத்திட்டு இங்க வந்து இன்னா மூஞ்சிய வெச்சிகினு நிக்கறது?"

அவன் என்னைக் குற்றம் சொல்லவில்லை. மழை வருமா என்று கேட்டால் சொல்வதுபோல் சொன்னான். அவன் விட்டுக்கொடுத்தது நல்ல மனசால் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். ஆளை அளந்து பார்ப்பதில் எனக்கிருந்த திறமை அவ்வளவுதான்.

அன்று மாலை அணியின் வாட்ஸாப் குழுவில், முதல் ஓவரிலேயே நான் அவுட், பொய் சொல்லிவிட்டேன் என்று எழுதினேன். நான்கு பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். கேப்டன், தயவுசெய்து இதை லீக் குழுவில் போட்டுவிடாதீர்கள், புள்ளி போய்விடும் என்று எழுதினான். அதையும் மீறி லீக் நடத்துகிறவருக்குப் போன் செய்தேன். அம்பயர் சொன்னது சொன்னதுதான், முடிந்த ஆட்டத்தைத் தோண்டக் கூடாது என்று அவர் எனக்கே ஆறுதல் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

என்னால் மாற்ற முடிந்தது ஒன்றே ஒன்று. மேனேஜரிடம் போய், அந்தக் கம்பெனி லாட்டை இனி வேறு ஆள் பார்க்கட்டும் என்று கேட்டேன். காரணத்தைச் சொன்னபோது அவர் சிரித்துச் சிரித்து டீயைச் சிந்தினார். ஆனால் மாற்றிக் கொடுத்தார். அதை அவனிடமும் சொன்னேன். "எதுக்கு சார் இதெல்லாம்" என்றான்.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் அவர்களோடு ஆட்டம். இந்த முறை நான் எட்டாவதாக இறங்கினேன். அவன் அதே தூரத்திலிருந்து ஓடிவந்தான். இரண்டாவது பந்தில் நடு ஸ்டம்பு பெயர்ந்து போய் விழுந்தது. அவன் என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி வந்து நின்று, "போய்கினே இரு" என்று கத்தினான். கத்தி முடித்ததும் சற்றுத் தயங்கினான். 'சார்' போடலாமா என்று யோசித்திருக்கலாம். போடவில்லை. நான் அம்பயர் பக்கம் திரும்பாமல் வெளியே நடந்தேன். ரன் ஒன்றுமில்லை. மனைக் கல்லருகே உட்கார்ந்து பேடைக் கழற்றும்போது, அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்குவேன் என்று தோன்றியது.