ஆரோக்கியஜோசப்பின் கறுத்த மோதிரம்

இசபெல்லாவை நெடுங்காட்டில் யாருக்குத்தான் தெரியாது? ஆஸ்பத்திரியில் வார்டு ஆயாவாக இருந்தே தலை நரைத்தவள். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் கை சுத்தம். எந்த வேலை சொன்னாலும் செய்வாள், பிணவறைப் பக்கம் மட்டும் எட்டிப் பார்க்கமாட்டாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கே அறுத்துக் கொடுத்த ஒரு உடம்புக்குத் துணி சுற்றச் சொன்னார்கள். கழுத்திலிருந்து அடிவயிறு வரை சாக்கு மூட்டையின் வாயைத் தைத்த மாதிரித் தையல். வீட்டுக்கு வந்தவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றைக்கே புருஷன் ஆரோக்கியஜோசப்பிடம் சொன்னாள்: “நான் செத்தா என்னைய அறுக்க விடாதீங்க. உங்களையும் நான் அறுக்க விடமாட்டேன்.”

அவர் கொத்தனார். “என்னைய அறுத்தா உள்ள சிமெண்டுதான்டி இருக்கும்” என்று சிரித்தார்.

அவருடைய தங்கை ஆக்சிலியா, கல்யாணமாகிப் பிரான்சுக்குப் போனவள். ஒருமுறை லீவுக்கு வந்தபோது அண்ணன் விரலில் மோதிரம் ஒன்றைப் போட்டுவிட்டாள். வெள்ளைத் தங்கம். ஊரே அதை வெள்ளி என்றது. “நல்லதாப் போச்சு, திருடனும் அப்படித்தான் நெனைப்பான்” என்பார் அவர்.

பிறகு அவர் வாதம் வந்து விழுந்தார். கட்டிலோடு கிடந்த உடம்பில் சொறி பிடித்தது, விரலிடுக்கெல்லாம் புண். இசபெல்லா மருந்துக்கடையில் கந்தகக் களிம்பு வாங்கி, வேலைக்குப் போகும்முன்னும் வந்தபின்னும் பூசுவாள். வீங்கிய விரலில் மோதிரம் கழலாது. அதைச் சுற்றியே தேய்ப்பாள். மோதிரம் முதலில் மஞ்சள் தட்டியது. பிறகு பழுப்பு. பிறகு அடுப்புக்கரி. உடம்பு கெட்டால் நகை கறுக்கும் என்பது நம் பக்கத்துப் பேச்சு அல்லவா, அவள் மிரண்டு போனாள். இவர் போகப்போவதைத்தான் மோதிரம் சொல்கிறது என்று நினைத்து, ஒருவரிடமும் வாய் திறக்காமல் களிம்பை இன்னும் அதிகமாய் அப்பினாள்.

மாசி மாதம் ஒரு காலையில் அவர் அடங்கினார். தங்கை வந்து சேரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். வந்தவள் அழுதுகொண்டே அண்ணன் கையை எடுத்தாள். அழுகை நின்றது.

“இது ஏன் அண்ணி இப்படிக் கறுத்திருக்கு?”

“ரெண்டு மாசமாவே கறுத்துக்கிட்டுதாம்மா வந்துச்சு.”

“பாத்துட்டா சும்மா இருந்தீங்க? நஞ்சு ஏறுனா நகை கறுக்கும்னு எங்கம்மா சொல்லும். அண்ணனுக்கு என்ன குடுத்தீங்க?”

“கஞ்சி குடுத்தேன். நீ அங்க ரொட்டி தின்னப்ப, இங்க ஸ்பூன்ல கஞ்சி குடுத்தேன். பீத்துணி அலசுனேன். வேற என்ன குடுக்கணும்?”

“அப்ப உங்க மோதிரம் மட்டும் எப்படி மஞ்சளா மின்னுது?”

இசபெல்லா தன் கல்யாண மோதிரத்தைத் திருப்பிப் பார்த்தாள். அது ஏன் கறுக்கவில்லை என்று அவளுக்கே தெரியாதே! கூடியிருந்த சனம் அவள் விரலைப் பார்த்தது.

ஆக்சிலியா போலீசுக்குச் சொல்லிவிட்டாள். வண்டி வந்து நின்றதும் இசபெல்லா நாத்தனார் காலில் விழுந்தாள். “என்னைய ஜெயில்ல போடச் சொல்லு, போறேன். அவர அறுக்கச் சொல்லாத.”

“தப்பு செய்யலன்னா ஏன் அண்ணி பயப்படுறீங்க?”

காலமெல்லாம் அவள் திரும்பிப் பார்க்காத அந்தக் கதவுக்குள் அவரைக் கொண்டுபோனார்கள். நஞ்சு ஏதும் இல்லை என்று பிறகு முடிவு வந்தது. ஆனால் பழியைத் தெருவில் நின்று சொன்ன வாய் எதுவும், அது பொய் என்பதைத் தெருவுக்கு வந்து சொல்லவில்லை.

அடக்கத்தன்று சவப்பெட்டி மூடும்முன் நெற்றியில் முத்தம் கொடுப்பது நம் வழக்கம். துணியை விலக்க வேண்டாம், தாங்கமாட்டாய் என்றார்கள். “வெலக்குங்க. அவரு எம்புருஷன்” என்று ஒரே பிடியாய் நின்றாள். நெற்றிக்கு மேலே, முடிக்குள் தொடங்கியிருந்தது தையல். அதன் ஓரத்தில் உதட்டை வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்த மோதிரத்தை ஆக்சிலியா நீட்டினாள். “அண்ணன் கையிலயே போட்டுடலாம் அண்ணி.”

“வேணாம். நஞ்சுன்னு சொன்னது நீ. நீயே வெச்சுக்க.”

அடுத்த மாசிக்கு முன்பே பிரான்சிலிருந்து போன் வந்தது. ஆக்சிலியாதான். “மோதிரத்த இங்க கடையில காட்டுனேன் அண்ணி. மேல பூசுன வெள்ளை தேஞ்சு, உள்ள கலந்திருந்த வெள்ளியில கந்தகம் பட்டுக் கறுத்திருக்குன்னு சொல்றாங்க. அது... நீங்க பூசுன மருந்துதான் அண்ணி. உங்க மோதிரம் நல்ல பவுனு, அதான் அதுக்கு ஒண்ணும் ஆகல. தேச்சு, வெள்ளை பூசிக் குடுத்துட்டாங்க. புதுசாட்டம் இருக்கு. அனுப்பவா?”

“வெள்ளையாயிடுச்சா?”

“ஆயிடுச்சு அண்ணி.”

“அவருக்குப் போட்ட தையல அந்தக் கடையில பிரிச்சுக் குடுப்பாங்களான்னு கேளு” என்று சொல்லிப் போனை வைத்தாள் இசபெல்லா.

அலமாரியில் பாதி தீர்ந்த களிம்பு டப்பா இருந்தது. திறந்து முகர்ந்தாள். புண்ணை ஆற்றியதும் இந்தக் கைதான். கறுக்க வைத்ததும் இந்தக் கைதான். தூக்கியெறிய மனம் வரவில்லை. மூடியை இறுக்கி, அதே இடத்தில் திரும்ப வைத்தாள்.