அந்துவான் சபையில் சொல்லாதது

செவ்வாய்க்கிழமை காலை, பாகூரில் நான் வேலை செய்யும் பட்டறையில் ஒரு மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். என் தம்பி பலராமன் வில்லியனூரிலிருந்து சைக்கிளிலேயே வந்து இறங்கினான். வியர்வையைக்கூடத் துடைக்கவில்லை.

"அண்ணே, கடைக்காரரு தவறிப் பூட்டாரு."

"எந்தக் கடைக்காரரு?" என்றேன். தெரிந்தேதான் கேட்டேன்.

பலராமன் ஐந்து வருடமாக வேலை பார்க்கும் ரேடியோ கடையின் உரிமையாளர், ஒரு காலத்தில் என் கூட்டாளி, அந்துவான். விடியும் நேரத்தில் மார்வலி வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் பிரிந்துவிட்டதாம். கையிலிருந்த செப்புக் கம்பியைக் கீழே வைத்தேன். பிறகு மறுபடி எடுத்து, அந்தச் சுற்றை முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வில்லியனூர் கடைத்தெருவில் பழுதான ரேடியோவைக் கொண்டுபோனால், திருகாணியைக் கழற்றுவதற்கு முன் அதைக் காதோடு ஒட்டி வைத்து, "இன்னாடா உனக்கு நோவு?" என்று அதனிடமே கேட்பார் அந்துவான். மாதா கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டுவதும் அவர்தான். மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் விழாவுக்குக் கட்டுவதும் அவர்தான். அப்போது பக்கத்துக் கடையில் நான் மோட்டார் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். இருவருக்கும் ஒரே வயது. மதியச் சோற்றைப் பகிர்ந்து சாப்பிட்டுப் பழகியவர்கள்.

எழுபதுகளின் கடைசியில் ஒருநாள், அபிஷேகப்பாக்கத்து நிலக்காரர் துரைசாமி என் கடையில் உட்கார்ந்து புலம்பினார். வீடு ஊருக்குள்; பம்பு செட்டு வாய்க்காலுக்கு அப்பால். மோட்டாரைப் போட ஒரு நடை, நிறுத்த ஒரு நடை. மழைக்காலத்தில் வரப்பெல்லாம் பாம்பு. கேட்டுக்கொண்டிருந்த அந்துவான் எழுந்து வந்தார்.

"அவ்ளோ தூரத்திலேருந்து ரேடியோவுல பாட்டு வருது. ஒரு விசில் வராதா?"

அங்கேதான் தொடங்கியது. பொத்தானை அழுத்தினால் ஒரு விசில் ஒலியைக் காற்றில் அனுப்பும் பெட்டி வீட்டில். அந்த விசிலைப் பிடிக்கும் பெட்டி பம்பு கொட்டகையில். விசில் கேட்டதும் மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் ஸ்டார்ட்டர் இழுத்துக்கொள்ள வேண்டும். வேறொரு விசிலுக்கு நிற்க வேண்டும். பெட்டிகள் அவருடையவை, ஸ்டார்ட்டர் வேலை என்னுடையது. ஒன்றரை வருடம் பாடுபட்டோம். மூங்கில் கழியில் ஏரியல் கட்டி, முதல்முறை ஆள் இல்லாத கொட்டகையில் மோட்டார் உறுமியபோது, அந்துவான் சேற்றில் நின்றபடி சிலுவை போட்டுக்கொண்டார். துரைசாமி வீட்டு வாசலில் நின்று "ஓடுது! நின்னுச்சு! ஓடுது!" என்று கத்தினார். அந்துவானை நான் அண்ணன் தம்பிக்கு மேலாக நினைத்தேன். அதை எழுத இன்றும் எனக்குத் தயக்கமில்லை.

துரைசாமி நிலத்தைப் பார்த்துக்கொண்டது என் தம்பி பலராமன். "பம்புல கை வைக்கறப்ப மெயின அணைக்கணுமாண்ணே?" என்று ஒருநாள் கேட்டான். "ஸ்டார்ட்டர் நின்னிருந்தா போதும். அந்துவான் பெட்டி அழைக்காம அது எழுந்திருக்காது" என்றேன் நான்.

ஐப்பசியில் ஒரு பிற்பகல். மழை விட்டு இடி மட்டும் உருண்டுகொண்டிருந்தது. மோட்டாருக்கும் பம்புக்கும் இடையில் ஓடும் தோல் பட்டை நழுவியிருந்ததால், நின்ற மோட்டாரில் அதைக் கையால் ஏற்றிக்கொண்டிருந்தான் பலராமன். மோட்டார் தானே எழுந்தது. வலக்கையில் இரண்டு விரல்கள் போயின.

மறுவாரம் கோயில் மண்டபத்தில் ஊர்ச்சபை கூடியது. "நான் பொத்தானத் தொடவே இல்லப்பா. பெட்டி பெஞ்சு மேல கெடந்துது" என்றார் துரைசாமி. எல்லாரும் அந்துவானைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"விசில் இல்லாம என் பெட்டி வேலை செய்யாது. ஸ்டார்ட்டர்தான் தானா இழுத்திருக்கும்."

அவ்வளவுதான் பேசினார். ஸ்டார்ட்டர் என் வேலை. என் தம்பியின் விரல்களை நானே எடுத்துவிட்டதாக ஊர் முடிவு செய்தது. அந்தப் போகத்திலிருந்து எவரும் என்னிடம் மோட்டார் கொண்டுவரவில்லை. அன்று மண்டபத்தில் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த பலராமனும் வாய் திறக்கவில்லை. அவனும் நம்பிவிட்டான் என்று நினைத்தேன்.

நான் கொட்டகைப் பெட்டியைக் கழற்றிவந்து, என் கடையில் ஒரு பல்போடு இணைத்துத் தொங்கவிட்டேன். விசில் அனுப்பும் பெட்டியிலிருந்து பேட்டரியை எடுத்துவிட்டு, அதைப் பூட்டிவைத்தேன். நான்காம் நாள் மாலை வானம் மின்னியது. பல்பு எரிந்தது. மின்னும்போது ரேடியோவில் கரகரப்புக் கேட்கிறதே, அதில் எல்லா ஒலியும் கலந்திருக்கிறது. பெட்டி தேடும் விசிலும் இருக்கிறது.

ஓடிப்போய் அந்துவானிடம் சொன்னேன். சந்தோஷத்தோடுதான் ஓடினேன், அவருக்கும் தெரியாது என்று எண்ணினேன்.

அவர் ஈயப் பற்று வைக்கும் சூடான இரும்பைக் கீழே வைத்தார். "தெரியும்பா" என்றார்.

"இன்னா தெரியும்?"

"ஆடி மாசத்துல ஒரு தரம் மின்னலுக்கு எழுந்துச்சு. நானே பாத்தன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கழட்டச் சொல்லுவ. மழைக்குள்ள சரி பண்ணிடலாம்னு நெனச்சன்."

"சபையில?"

மறுபடி இரும்பைக் கையில் எடுத்தார். "பொங்கலுக்குள்ள நானே ஊர் முன்னால சொல்லிடறன்" என்றார்.

எத்தனையோ பொங்கல் வந்தது. அவர் சொல்லவில்லை. நானே ஊராரிடம் போய்ச் சொன்னபோது, பழியைத் தள்ளிவிடப் பார்க்கிறேன் என்றார்கள். கடையை மூடிவிட்டு, பாகூரில் இன்னொருவர் பட்டறையில் கூலிக்கு உட்கார்ந்தேன்.

அந்துவான் நிறுத்தவில்லை. இரண்டு விசில்கள் அடுத்தடுத்து, மூன்று விநாடி நீடித்தால்தான் எழும்பும்படி பெட்டியை மாற்றிக் கட்டினார். அது பிசகவே இல்லை. காட்டேரிக்குப்பம் வரை கேட்டு வாங்கிப்போனார்கள். நல்ல வேலை அது. பொய் சொல்ல மாட்டேன். அந்த வேலையில் என் பெயர் மட்டும் எங்கும் இல்லை. பலராமனைத் தன் கடையில் சேர்த்துக்கொண்டார். இரக்கத்தால் செய்தார் என்று நினைத்தேன்.

அடக்கத்தன்று பேசியவர்கள் எல்லாரும் அவரது நேர்மையைப் பேசினார்கள். நான் கூட்டத்தின் கடைசியில் நின்றேன். முடிந்ததும் அவரது மனைவி பிலோமினா என்னைத் தேடி வந்தார். முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு நினைவு மலர் அச்சிடுகிறார்களாம்.

"எல்லாரும் நல்லவருன்னு எழுதிக் குடுத்துட்டாங்கண்ணே. நீங்க நடந்தத எழுதுங்க. எங்கிட்ட சொல்லியிருக்காரு. ஊர் முன்னால சொல்லத்தான் அவருக்குத் தெம்பு வரல."

எழுதியதை முதலில் பலராமனுக்குப் படித்துக் காட்டினேன். ஊரில் நான் சொன்னதை அவனும் நம்பவில்லை என்றே எண்ணியிருந்தேன்; தன் விரல்கள் ஏன் போயின என்பதை அவன் முழுதாக என் வாயிலிருந்தே கேட்க வேண்டும் என்று விரும்பினேன். அவன் தலை நிமிரவில்லை.

"எனக்குத் தெரியும்ணே."

"இன்னா தெரியும்?"

"ஆஸ்பத்திரியிலேயே வந்து அழுதாரு. எம்மேலதான் தப்புன்னாரு. சபையில சொல்லிடுவாருன்னு பாத்தன். சொல்லல. அப்புறம் கடையில வேல குடுத்தாரு."

"இத்தினி வருசமா எங்கிட்ட சொல்லலியேடா."

"சொன்னா அந்தக் கடையில இருக்க முடியாது. இந்தக் கைய வச்சிக்கினு வேற எங்கண்ணே போவன்?"

அந்துவான் மனைவியிடம் சொன்னார். என் தம்பியிடம் சொன்னார். கேட்டபோது என்னிடமும் சொன்னார். ஊர் முன்னால் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையை மட்டும் எங்கள் மூன்று பேரிடம் பங்குவைத்துவிட்டுப் போய்விட்டார். தாள்களைச் சேர்த்து மடித்தேன்.

"கிழிச்சுப் போட்டுடட்டுமா?" என்று மட்டும் கேட்டேன்.

"வேணாம்ணே. அச்சுல வரட்டும்" என்றான்.

இந்தத் தாள்களைப் பிலோமினாவிடம் கொடுக்கும் முன் கல்லறைக்குப் போய்வந்தேன்; அதையும் கடைசியில் சேர்த்துவிடுகிறேன். முந்தின நாள் மழையில் புதுமண் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. இரண்டு கை மண் அள்ளிப் போட்டு, உள்ளங்கையால் தட்டிச் சமப்படுத்தினேன். மன்னித்துவிட்டேன் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. கை மண்ணை உதறிவிட்டு எழுந்து, "வரன் அந்துவான்" என்றேன்.