தீபத்து வாரத்தில் அளந்த நிழல்

1. எங்கள் தோட்டத்துக்குத் தெற்கே காலியாகக் கிடந்த மனையில் மூன்று மாடி வீடு எழுந்தது.
2. தோட்டத்தில் வெயில் விழுவது நின்றது.
3. கார்த்திகை தீபத்துக்கு லீவு போட்டு வேங்கிக்கால் வீட்டுக்கு வந்த நான், ஐந்து நாள் வெளிச்சத்தை அளந்தேன்.
4. அம்மாவின் மல்லிச் செடியைப் பிடுங்கினேன்.

நான்காவதுதான் தப்பு என்று வெகுநாள் நினைத்திருந்தேன். மூன்றாவதில்தான் அது தொடங்கியது.

காலை ஏழு முதல் மாலை ஐந்து வரை, மணிக்கு ஒருமுறை, நேர்வெயில் எங்கெல்லாம் விழுகிறது என்று ஓர் அட்டவணையில் குறித்தேன். ஐந்து நாளும் எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம். நிழலில் வளர்பவை என்று பெரணி, மணிபிளான்ட், வெற்றிலைக் கொடி எல்லாம் இனி நட வேண்டியவை பட்டியலில் ஏறின. மல்லி ஏறவில்லை. அது அப்போது குச்சியாக நின்றது.

"பனியில அது எப்பவும் இப்டிதான்டி நிக்கும். சித்திரையில பாரு" என்றாள் அம்மா.

"வெயிலே விழாத இடத்துல சித்திரை வந்தா மட்டும் என்னம்மா ஆயிடும்?"

அம்மா என் அட்டவணையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நீ இன்ஜினியரு. பார்த்து செய்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் விட்டுக்கொடுத்ததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். மல்லியைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் பெரணியை நட்டேன்.

கோடையில் அந்தச் செடி பூக்கும் நாட்களில் அம்மா பூக்காரம்மாவை வாசலில் நிறுத்தமாட்டாள். விடியற்காலையில் தானே பறித்து, கட்டி, முதல் முழத்தைச் சாமி படத்துக்குப் போடுவாள். மிச்சம் தலைக்கும் பக்கத்து வீடுகளுக்கும். அது என் அட்டவணையில் எந்தக் கட்டத்திலும் இல்லை.

சித்திரையில் வந்தபோது அம்மா என்னை நேராகத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். "வா, உன் நிழலைப் பாரு."

மணி பன்னிரண்டு. சூரியன் உச்சந்தலைக்கு மேல். கார்த்திகையில் அது தெற்கே சாய்ந்திருந்தபோது தோட்டம் முழுக்கப் படுத்திருந்த மாடி வீட்டின் நிழல், இப்போது அதன் சுவரடியிலேயே ஒட்டிக்கிடந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த விஷயம்தான். பெரணியின் ஓரங்கள் கருகிய அப்பளம்போல் சுருண்டிருந்தன. அதற்கு மேலே, நாலு குச்சி நட்டு, அம்மாவின் பழைய புடவை ஒன்று கட்டியிருந்தது.

"நிழல் செடிக்கு நிழல் கட்டின வீடு ஊர்ல நம்ம வீடுதான்" என்று சிரித்தாள்.

மறுநாள் காலை பூக்காரம்மா வாசலில் கூடையை இறக்கினாள். "என்னக்கா, சித்திரையிலகூட என்கிட்டயா வாங்குறீங்க? உங்க செடி என்னாச்சு?"

"ஜாஸ்தி வயசாயிடுச்சு. எடுத்துட்டோம்."

கதவுக்குப் பின்னால் நான் நின்றிருந்தது அம்மாவுக்குத் தெரியும்.

அந்த லீவிலேயே பக்கத்துத் தெருவில், முன்பு அம்மா கொடுத்த குச்சியில் வளர்ந்த மல்லி ஒன்றைத் தேடிப்போய், ஒரு கிளையை மண்ணில் பதியம் போட்டுவிட்டு வந்தேன். வேர் பிடித்ததும் அம்மா அதை வெட்டி எடுத்துவந்து பழைய இடத்திலேயே நட்டாள். இப்போது மாதத்துக்கு ஒரு நாள் வெயிலைக் குறிக்கிறோம். நான் ஊரில் இல்லாத மாதம் அம்மா குறிக்கிறாள். பெரணியைச் சுவரோரம் மாற்றியாயிற்று. வெற்றிலை நன்றாக இருக்கிறது. மல்லியில் ஆறு இலை. மொட்டு இல்லை. அம்மா இன்னும் பூ வாங்குகிறாள்.